நின்றபடி தாங்கிய வலி

மலையேறித் தானா ராத்தா போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை, மற்றவள் நிறைமாதம்.

"பிரசவத்துல என்னை நின்னுக்கிட்டே வலி தாங்க விட்டாங்கக்கா," என்றாள் குழந்தைக்காரி.

"நின்னுக்கிட்டா?"

"நாளெல்லாம் நின்னு கொழுந்து வெட்டறவ, படுத்தா முடியலன்னேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி சரின்னு இடுப்பை நீவி விட்டாங்க. அதுக்கும் முன்னால, தொடலாமான்னு கேட்டாங்க."

"என் மூத்தவன் பொறந்தது வேற ஆஸ்பத்திரி. கத்தாதன்னு அதட்டுனாங்க. இன்னும் பயம் போகல."

"இங்க அப்படி இல்லக்கா. எங்க வீட்டுக்காரரையும் பக்கத்துல நிக்க விட்டாங்க."

"ஆம்பளைக்கு அங்க என்ன வேலை?"

"மிஸ்ஸி கேட்டுட்டுத் தொட்டதைப் பாத்துக் கத்துக்கிட்டாரு லா. நேத்து குளிருக்கு என் போர்வையை இழுக்கறதுக்கு முன்னால, எடுத்துக்கலாமான்னு கேட்டாரு."

"குடுத்தியா?"

"கேட்டாருல்ல. பாதி குடுத்தேன்."