மொட்டைக் காது

— முடியாதுன்னா முடியாது, ஐசக் அத்தான். மேய்ப்பர் கூட்டத்துல என் ஆட்டுக்கு நானே பேசிக்குறேன்.

— அடி திர்சா, நீ லிவர்பூல்ல கப்பல் பாய் தச்சவன் மக. அந்தக் கூட்டத்துல ஒரு பொம்பள வாயைத் திறந்து நான் பார்த்ததில்ல. சத்திரத்துல ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போடுவாங்க, தின்னுட்டு வண்டியிலயே உக்காந்திரு. தம்பி பொண்டாட்டிக்காக நான் பேசுறேன்.

— பேசி, யார் பட்டிக்கு ஓட்டிட்டுப் போவீங்க?

— ஏய்! நாக்கை அடக்கு. குதிரை மிரளுது.

— குதிரை மிரளல. நீங்கதான் கடிவாளத்தைப் பிடிச்சு இழுக்குறீங்க.

— சரி, எப்படிப் பேசுவ, சொல்லு பார்ப்போம். வழிதவறின ஆட்டை நடுவுல நிறுத்தி, அடையாளத்தை நம்ம மலைப் பேச்சுல உரக்கச் சொல்லணும். ஒரு சொல் தடுமாறினா போதும், சிரிச்சே துரத்திருவாங்க.

— காதைக் காதுன்னு சொல்லக்கூடாது, லக். சாயக் கோட்டுக்கு ஸ்மிட். இடது லக்குல கவட்டை வெட்டு, வலது லக்குக்கு அடியில ஒரு கொத்து. இடுப்பு மேல செவப்பு ஸ்மிட். போதுமா?

— ஹஹ்ஹா! கம்பர்லாந்துக்காரன் வாயில வர்ற சொல்லு, உன் வாயில சீமாட்டி மாதிரி குலுக்கி நடக்குதே!

— குலுக்கி நடந்தாலும் கோடு செவப்புதான்.

— யாரு சொல்லிக் குடுத்தா?

— வேற யாரு, உங்க தம்பி லான்டிதான். சாகக் கிடந்தப்பவும் இருமி இருமிச் சொன்னாரு. 'இதெல்லாம் தெரிஞ்சுக்கோ, இல்லன்னா உன்ன ஏச்சுப்புடுவாங்க'ன்னாரு. யாருன்னு மட்டும் சொல்லல. கூடப் பிறந்த பாசம்.

— செத்தவனை எதுக்கு இழுக்குற? எனக்கும் வலிக்கும்.

— எனக்கு நெஞ்சே வெடிக்குது அத்தான். அதுக்காக வீட்டை விட்டுற முடியுமா? மந்தை குறையாம இருந்தாத்தான் குத்தகை எனக்குன்னு துரையோட ஏஜென்ட் சொல்லிட்டாரு. குறைஞ்சா அது யாருக்குப் போகும்?

— எனக்குத்தான். அதுல என்ன தப்பு? பனியில ஆடு காணாமப் போனா நானா பொறுப்பு?

— உங்க பட்டியில காதே இல்லாம நிக்குதே சில ஆடுங்க, அதெல்லாம்?

— ஈ மொய்ச்சுப் புழு வச்சுது. வெட்டிட்டேன்.

— ரெண்டு காதையும்? அடியோட?

— பின்ன, பார்த்துப் பார்த்து அழகா வெட்டச் சொல்றியா?

— இந்த மலையில துரையைத் தவிர யாரும் காதை அடியோட வெட்டக்கூடாது. வெட்டினா பழைய அடையாளமும் சேர்ந்து போயிரும்னுதானே அந்தக் கட்டுப்பாடு?

— அடேயப்பா, சட்டமெல்லாம் பேசுறா! இங்க பாரு திர்சா. கோடையில கம்பளி கத்தரிச்சப்பவே சாயம் போச்சு. இப்பக் காதும் இல்ல. கூட்டத்துல எதைக் காட்டி உன் ஆடும்ப?

— ராத்திரியெல்லாம் அதைத்தான் யோசிச்சேன்.

— யோசிச்சு என்ன கிழிச்ச?

— லான்டி சொன்ன இன்னொரு சொல்லு ஞாபகம் வந்துச்சு. ஹீஃப்.

— அது மேய்ச்சல் மலைக்குப் பேரு. மலையைத் தூக்கிட்டு வந்து காட்டப் போறியா?

— வெறும் மேய்ச்சலா அது? வேலி கிடையாது, சுவர் கிடையாது. தாய் ஆடு தன் குட்டியைக் கூட்டிட்டுப் போய்ப் பழக்கின இடம். எங்க அடைச்சு வச்சாலும், அவுத்து விட்டா அங்கதான் போய் நிக்கும்.

— அவுத்து விட்டாத்தானே! பட்டிக்குத் தாழ் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். போய்ப் புலம்பு, யாரு கேக்குறான்னு பார்ப்போம்.

— கூட்டம் நடக்குற சத்திரத்து முற்றத்துல நின்னா நம்ம ரெண்டு பேர் மலையும் தெரியும்ல?

— தெளிவாத் தெரியும். ஏன்?

— அந்த ஏஜென்ட்டும் வந்திருப்பாரு?

— ஊரே வந்திருக்கும். சுத்தி வளைக்காம விஷயத்துக்கு வா.

— திரும்பிப் பாருங்க அத்தான். நீங்க குதிரையைப் பூட்டிக்கிட்டிருந்தப்பவே உங்க பட்டியைத் திறந்து விட்டுட்டேன். உங்க ஆடு உங்க மலைக்குப் போகுது. மொட்டைக் காது அம்புட்டும் என் மலை ஏறுது.