தொட்டி மேல் பூனை

– மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்காதீங்க, மதாம் ஒதீல். தண்ணிய மாத்துங்க.

– மாத்திக்கிட்டேதான இருக்கேன், டாக்டர். பதினெட்டு நாளா இந்தப் பூனை தின்னதும் பேண்டதும் இதுலதான் மிதக்குது. சீ. வீட்டுக்குப் போய் எத்தனை சோப்பு போட்டாலும் ரொட்டியில இந்த நாத்தம்தான்.

– ஆராய்ச்சின்னா நாறும். நீங்களே பாக்குறீங்கல்ல, தண்ணி நடுவுல கவுத்த பூந்தொட்டி மேல உக்காந்து சும்மா கண்ணசந்தா கழுத்து நிக்குது. கனவுத் தூக்கம் வந்தா கழுத்து துவண்டு மூக்கு தண்ணியில முங்குது, முழிச்சிடுது. பதினெட்டு நாள் ஒரு கனவு இல்லாம இருந்துருக்கு. சாகலையே?

– ரோமம் கொட்டி, கண்ணுல பீளை வழிய, தன் மூத்திரத்துல தானே முங்கி எந்திரிக்கிறா. இதைப் பாத்துட்டு நேரா போய்க் குடல் வறுவல் திங்க உங்களுக்கு எப்படிங்க எறங்குது?

– பன்னெண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் இந்த லியோன் ஊர்ல எவன் வேலை செய்யறான்? மூளை அலை வரையற மெஷினையே நிறுத்திட்டுத்தான் போறேன். காகிதம் வீணாகுமே.

– அந்த ரெண்டு மணி நேரத்துக்கு நோட்டுல என்ன எழுதுவீங்க?

– மத்த நேரம் மாதிரியேன்னு. பூனைக்கு மத்தியானம்னு தனியா உண்டா என்ன? அதை விடுங்க. ஆமைக்குக் கனவே கிடையாது. கோழிக்கு நாலஞ்சு நொடி. ஆனா பொறந்த பூனைக்குட்டி தூங்கினா முழுக்கக் கனவுதான், வளர வளரத்தான் குறையும். அதனால அடுத்து குட்டிங்கதான். பின்கூண்டுல அஞ்சு இருக்கே, அதுங்களுக்குச் சின்னத் தொட்டி செஞ்சு வந்தாச்சு. திங்கக்கிழமை ஏத்திடுங்க.

– நானா? இன்னும் கண்ணே தொறக்கலைங்க அதுங்களுக்கு.

– கண்ணு எதுக்கு?

– செத்துப்போயிரும்.

– இது சாகலையே. இது தாங்கிச்சின்னா அதுங்களும் தாங்கும். கட்டுரையில அப்படித்தான் எழுதியிருக்கேன், நேத்து பாரிசுக்குத் தபால்லயும் போட்டாச்சு.

– எனக்குக் குமட்டுது. தண்ணியால இல்லை, உங்களாலதான்.

– வேலை வேணாம்னா நேரடியாச் சொல்லுங்க.

– சொல்றேன், உக்காருங்க. தினம் நீங்க சாப்பிடக் கெளம்பினதும் தலையில மாட்டின ஒயரைக் கழட்டி, இவளைத் தொடைச்சு, என் மடியில போட்டுக்குவேன். நீங்க படியேறி வர்ற சத்தம் கேக்கற வரைக்கும் காலை உதறி, மீசை துடிக்க, கனவுலயே கெடப்பா.