யானை முன்னே, மணியோசை பின்னே

— முடியாதுன்னா முடியாதுங்க. கடல் பாக்கணுமா, வாங்க போலாம். மலை ஏறணுமா, முட்டி வலிச்சாலும் நானும் ஏறுறேன். பாப்பாவுக்கு ஸ்கூல் லீவு, எங்கயாவது போகத்தான் வேணும், நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ராக்கெட் விடுற இடத்துக்கு மட்டும் இந்த வீட்டுல இருந்து யாரும் போக வேண்டாம்.

— பாப்பாவா கேட்டா? நான்தானே கேக்குறேன்.

— அதான் எனக்குப் பயமா இருக்கு. அவ கேட்டிருந்தா ஒரு அதட்டுல முடிஞ்சிருக்கும். நீங்கல்ல கேக்குறீங்க!

— ஏன், புருஷன் ஆசைப்படக் கூடாதா?

— என் வாயைக் கிளறாதீங்க. போன வாரம் மேல் வீட்டுல ஒரு பாத்திரம் விழுந்துச்சு. வெறும் பாத்திரம். அப்ப நீங்க எங்க இருந்தீங்க?

— அது...

— சொல்லுங்க.

— கட்டிலுக்கு அடியில.

— ஆங். பாத்திரத்துக்கே கட்டிலுக்கு அடியில. ராக்கெட்டுக்கு எதுக்கு அடியில போய்ப் பூருவீங்க? அங்க கட்டில்கூட கிடையாது.

— சிரிக்க வெக்காத. நான் நிஜமாத்தான் பேசிட்டிருக்கேன்.

— நான் மட்டும் விளையாட்டுக்கா பேசுறேன்? மில்லுல அந்த பாய்லர் வெடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. அன்னையில இருந்து இந்த வீட்டுல குக்கர் விசில் கேட்டிருக்கா? குக்கரைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டேன், எல்லாம் திறந்த பாத்திரத்துலதான் வேகுது. கதவுக்கெல்லாம் ரப்பர் ஒட்டினேன். டிவியில ஆளுங்க வாயசைக்கிறதைப் பாத்துதான் கதையைப் புரிஞ்சுக்கிறோம். பஸ் ஸ்டாண்டுல டியூட்டி முழுக்க மைக்குல கத்துறேன், ‘பயணிகள் கவனத்திற்கு, பயணிகள் கவனத்திற்கு’ன்னு. வீட்டுக்கு வந்தா திருட வந்தவ மாதிரி குசுகுசுன்னு பேசுறேன். ஏன்? நீங்க முழுசாத் திரும்பி வந்ததே போதும்னுதானே?

— முழுசாவா வந்தேன்?

— கை இருக்கு, கால் இருக்கு. கண்ணு தெரியுது.

— ஃபிட்டர் வரலையே.

— அதை ஏங்க இப்ப எடுக்குறீங்க.

— எடுக்காமலே இருந்து என்ன ஆச்சு? கேளு. நானும் அவனும் பாய்லர் முன்னாடி ஒண்ணாத்தான் நின்னுட்டிருந்தோம். ஒரு வாஷர் தேஞ்சிருந்துச்சு, வேற எடுத்துட்டு வரேன்னு நான் ஸ்டோர் ரூம் பக்கம் போனேன். கதவைத் தாண்டினேன். பின்னாடி இருந்து சத்தம். அவ்வளவுதான். நெருப்பைக்கூட நான் பாக்கலடி. சத்தம் மட்டும்தான் எங்கிட்ட தங்கிடுச்சு. அது சொல்லாம கொள்ளாம வந்துச்சு பாரு, அதான் எப்ப வரும் எப்ப வரும்னு இந்த உடம்பு இன்னும் காத்துக்கிட்டே இருக்கு.

— தெரியும். பக்கத்துல படுக்குறவ நான்தானே. ஆனா டாக்டர் என்ன சொன்னாரு? படிப்படியாப் பழகுங்கன்னாரு. நீங்க முதல் படியே ஏறாம மொட்டை மாடிக்கு ஏணி போடுறீங்க.

— படியெல்லாம் ஏறியாச்சு.

— என்ன ஏறியாச்சு?

— பாப்பா, வா இங்க. கதவுக்குப் பின்னாடி நின்னது போதும். வந்து அம்மாகிட்ட நீயே சொல்லு.

— நான் ஒண்ணும் ஒட்டுக் கேக்கலப்பா. படிச்சிட்டிருந்தேன்.

— லீவுல படிக்கிற மூஞ்சியைப் பாரு! என்னடி சொல்லணும்?

— அம்மா, நான் ஒண்ணு சொல்லவா? திட்டக் கூடாது.

— அது நீ சொல்ற விஷயத்தைப் பொறுத்து.

— நீ சாயங்கால டியூட்டிக்குப் போயிடுவல்ல? அப்பா மில்லுல இருந்து வந்ததும் நாங்க ரெண்டு பேரும் சத்தம் பழகுவோம்.

— சத்தம் பழகுவீங்களா?

— ஆமா. மொதல்ல காகிதப் பை. நான் ஊதி ஊதி உடைப்பேன். உடைக்கிறதுக்கு முன்னாடி எண்ணுவேன், மூணு, ரெண்டு, ஒண்ணு. அப்பா கண்ணை மூடக் கூடாது. அதுதான் சட்டம்.

— அடிப்பாவி! அவரை வெச்சுக்கிட்டா?

— அவர்தாம்மா சட்டம் போட்டதே. மொத நாள் மட்டும் டம்ளரைக் கீழ போட்டுட்டாரு.

— அந்த நெளிஞ்ச டம்ளரா? பூனை தள்ளிடுச்சுன்னு சொன்னீங்களே!

— நம்ம வீட்டுல பூனையே கிடையாது. நீ எப்படி நம்பினேன்னு நானும் இவளும் ரெண்டு நாள் பேசிக்கிட்டோம்.

— நல்லாப் பேசுவீங்க. புருஷன் சொன்னா பூனை என்ன, யானை வந்துச்சுன்னாலும் நம்புறவதானே நான். அப்புறம்? இன்னும் என்னென்ன கூத்து நடந்துச்சு?

— அப்புறம் கதவை டமால்னு சாத்திப் பாத்தோம். நீ ரப்பர் ஒட்டி வெச்சிருக்கியா, பொத்துன்னு வருது, சத்தமே வரல. பாத்ரூம் கதவுதான் கொஞ்சம் பரவால்ல. அப்புறம்தான் போன்ல ராக்கெட் வீடியோ. தினம் சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவேன். நேத்து முழுசா வெச்சுட்டோம்மா. ஸ்பீக்கர்ல.

— முழுசாவா? அப்பா என்ன பண்ணினாரு?

— உக்காந்த இடத்தை விட்டு அசையல. மூக்கு நுனியெல்லாம் வேர்த்துடுச்சு. என் மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டாரு, அவ்வளவுதான்.

— காட்டு கையை. ஐயோ, கன்னிப் போயிருக்கேடி!

— வலிக்கலம்மா.

— ரெண்டு பேரும் சேந்து என்னை நல்லாத்தான் ஏமாத்தியிருக்கீங்க. நான் ஒருத்தி பைத்தியக்காரி மாதிரி ரப்பர் ஒட்டிக்கிட்டு, செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு நடந்துட்டிருக்கேன். நீங்க பையை உடைச்சு விளையாடுறீங்க.

— கோபப்படாத. நீ பொத்திப் பொத்தி வெச்சதாலதான் நான் இவ்வளவு தூரம் வந்தேன். ஆனா அடைகாக்குற கோழிகூட ஒரு நாள் எழுந்துதானே ஆகணும்?

— கோழியாம் கோழி. அப்போ போன வாரம் பாத்திரம் விழுந்துச்சு, ஓடிப் போய்க் கட்டிலுக்கடியில பூந்துக்கிட்டீங்க. அது என்ன கணக்கு?

— பாத்திரம் சொல்லிட்டா விழுந்துச்சு? அதுதான் விஷயமே. இந்த ராக்கெட் சொல்லிட்டு வரும். பத்துல இருந்து ஊரறிய எண்ணுவாங்க. பாய்லர் எண்ணிச்சா? பூஜ்யம்னதும் மொதல்ல நெருப்பு தெரியும். சத்தம் கூடவே வராது, தூரத்துல இருந்து நடந்து வர மாதிரி வரும். நடுவுல எனக்கு ஒரு இடைவெளி கிடைக்கும். மூச்சை இழுத்துக்குவேன். காலை ஊனிக்குவேன். வாடான்னு நிப்பேன்.

— யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு நீ அடிக்கடி சொல்வல்லம்மா? இதுல தலைகீழ். யானை முன்னாடியே வந்துடும், மணியோசை ஆடி அசைஞ்சு பின்னாடி வரும்.

— நீ சும்மா இருடி. பழமொழிக்கு வேற வேளை இருக்கு. ஏங்க, அங்க கூட்டம் நிக்கும். சின்னப் புள்ளைங்க, பெரியவங்க, எல்லாரும் சட்டை மடிப்புக் கலையாம வந்திருப்பாங்க. அந்த நேரத்துல நீங்க படக்குன்னு கீழ விழுந்து தலையை மூடிக்கிட்டா? நாலு பேர் என்ன நினைப்பாங்க?

— நாலு பேரும் வானத்தைப் பாத்துட்டிருப்பாங்க. எவன் என்னைப் பாக்கப் போறான்?

— அம்மா, நான் ஒண்ணு சொல்லவா? அப்பா ஸ்கூல் வாசல்ல ஒரு தடவை அப்படிப் படுத்துட்டாரு.

— பாப்பா, அதை விடு.

— இருங்க, எப்ப? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே?

— லாரி டயர் வெடிச்சுதும்மா. எல்லாரும் வீட்டுக்குப் போற நேரம். அப்பா ரோட்டுலயே குப்புறப் படுத்துட்டாரு. என் கிளாஸ் பொண்ணுங்க எல்லாம் பாத்துட்டிருந்தாங்க.

— ஐயோ சாமி. நீ என்னடி பண்ணின?

— நானும் பக்கத்துல படுத்துக்கிட்டேன்.

— படுத்துக்கிட்டியா?

— பின்ன, அப்பா மட்டும் தனியா எப்படிப் படுத்திருப்பாரு? கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் படுத்திருந்தோம். அப்புறம் எழுந்து தூசியைத் தட்டிட்டு வந்துட்டோம். மறுநாள் ஒருத்தி கேட்டா, ‘ஏன்டி ரோட்டுல படுத்தீங்க’ன்னு. எங்க வீட்டுல அப்படித்தான்னுட்டேன்.

— இதைக் கேட்டுட்டு நான் எப்படி வேண்டாம்னு சொல்லுவேன். முகத்தைத் திருப்புங்க ரெண்டு பேரும். என்னைப் பாக்காதீங்க கொஞ்ச நேரம்.

— அழுறியா?

— வெங்காயம் நறுக்கினேன்.

— எங்க வெங்காயம்?

— உங்க பூனை தூக்கிட்டுப் போயிடுச்சு. சரி, நல்லாக் கேட்டுக்கோங்க. நான் இல்லாம ரெண்டு பேரும் கிளம்பக் கூடாது. மூணு பேரும் போறோம். காலைல முதல் பஸ்ஸு, ஜன்னலோரம் நீங்க. ஜங்ஷன்ல இறங்கி வேற பஸ் மாறணும். அந்த ரெண்டாவது பஸ் ஒரு ஓட்டை, சைலன்சர் இருக்கிற சத்தத்துக்கு ராக்கெட்டே தேவலாம். அதுல நான் உங்களை ஏத்த மாட்டேன். என் தம்பியை வண்டி எடுத்துட்டு வரச் சொல்றேன்.

— மச்சானை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டு? ஓட்டை பஸ்ஸுலயே போலாம். அதுவும் ஒரு பழக்கம்தானே.

— பாத்தியாடி உங்கப்பாவை! இடம் குடுத்தா மடம் புடுங்குறாரு. சரி, பஸ்ஸுலயே போய்த் தொலைவோம். ஆனா காதுல பஞ்சு வெச்சுக்கணும். அதுல பேச்சே இல்ல.

— பஞ்சு வெக்க மாட்டேன்.

— வெக்கணும்.

— பஞ்சு வெச்சுக் கேக்குறதுக்கு நான் வீட்டுலயே இருந்துடுவேனே. இந்த ஒண்ணுல மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாத. உனக்கும் பாப்பாவுக்கும் வேணும்னா வெச்சுக்கோங்க.

— பிடிச்ச முயலுக்கு மூணு காலுன்னே நில்லுங்க. சரி, பஞ்சு என் பையில இருக்கும். கேட்டா குடுப்பேன், கேக்கலைன்னா குடுக்க மாட்டேன். அன்னைக்கு மழை வந்து ராக்கெட்டைத் தள்ளி வெச்சுட்டா?

— தள்ளி வெச்சா அங்கயே ரூம் போட்டு உக்காந்துடுவோம். எத்தனை நாள் தள்ளுவாங்க? ஏறித்தானே ஆகணும் அது.

— உங்க முடிவு முடிவுதான். பாப்பா, போனை எடு. எப்படிப் பதிவு பண்றது?

— ஏற்கனவே திறந்து வெச்சிருக்கேன். இதுல ரெண்டு இடம் இருக்கும்மா. ஒண்ணு கேலரி, படிக்கட்டு மாதிரி கட்டியிருக்காங்க, அதுதான் கிட்டக்க. இன்னொண்ணு ஏரிக்கரை. ரொம்பத் தள்ளி. அங்க சத்தம் கம்மியாத்தான் கேக்குமாம்.

— கேக்கணுமா? ஏரிக்கரை.

— கேலரின்னா நல்லாத் தெரியுமேம்மா...

— ஏரிக்கரைன்னு சொன்னா ஏரிக்கரை. இதுக்கு மேல எங்கிட்ட பேரம் பேசக் கூடாது.

— விடு பாப்பா. அம்மா வரேன்னு சொன்னதே பெரிய விஷயம். ஏரிக்கரையே போடு.

— மூணு பேரு, ஏரிக்கரை. எல்லாம் போட்டுட்டேன். கடைசியா இதை அழுத்தினா முடிஞ்சுது.

— இரு, அழுத்தாத. எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஏங்க, இந்த லீவுலயே போய்த்தான் தீரணும்னு ஏன் இவ்வளவு அவசரம்? அடுத்த லீவுக்கு ராக்கெட் விட மாட்டாங்களா?

— விடுவாங்க.

— பின்ன?

— பாப்பா, நீ கொஞ்சம் உள்ள போ.

— அவ இருக்கட்டும். பை உடைக்க அவ வேணும், விஷயம் கேக்க அவ வேண்டாமா? சொல்லுங்க.

— மில்லுல புது பாய்லர் இறக்கியிருக்காங்க. லீவு முடியுற வாரம் பத்த வெக்கிறாங்க.

— வெக்கட்டும். நீங்க கேட்டுல உக்காந்து லாரி வந்தா விடுறவரு. உங்களுக்கென்ன வந்துச்சு?

— நான் பாய்லர் வேலைக்கே திரும்பப் போறேன். மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்.

— என்ன சொன்னீங்க?

— கேட்டுச்சுல்ல.

— எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?

— கேட்டா நீ அழுவ. நீ அழுதா நான் போக மாட்டேன்.

— அந்த மேனேஜர் கூப்பிட்டானா? மறுபடியும் உங்களைத்தான் அங்க நிறுத்தணுமா? ஊர்ல வேற ஆளே இல்லையா?

— அவர் கூப்பிடல. வேண்டாம்னுதான் சொன்னாரு. நான்தான் கேட்டேன். ஃபிட்டர் வீட்டுக்காரம்மாவுக்கு மில்லுல வேலை குடுத்தாங்கல்ல...

— தெரியும். ஆபீஸ்ல ஏதோ வேலைன்னாங்க.

— ஆபீஸ்ல இல்ல. சின்ன பாய்லர் ஒண்ணு ஓடுதே, அங்க. சாம்பல் அள்ளுறாங்க.

— அங்கயா?

— தினம் காலைல கேட்டுக்கு வராங்க. நான்தான் திறந்து விடுறேன். ‘நல்லா இருக்கீங்களாண்ணா’ன்னு கேட்டுட்டு உள்ள போறாங்க. அவன் செத்த இடத்தைத் தாண்டித்தான் போகணும், வேற வழி கிடையாது. அந்தம்மா தாண்டிப் போறாங்கடி. நான் வெளிய உக்காந்து கேட்டைச் சாத்துறேன். அதையும் மெதுவா சாத்துறேன், சத்தம் வந்துடுமோன்னு.

— அந்தம்மா போறாங்கன்னு ரோஷத்துல நீங்களும் போறீங்களா?

— எனக்கு ரோஷம் கீஷம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அந்த வேலை எனக்குத் தெரியும். நான் உள்ள இருந்தா அந்தம்மாவுக்குத் துணைக்கு ஒரு ஆள் இருக்கும். அதுக்கு மொதல்ல நான் நிக்கிறேனா விழுறேனான்னு எனக்கே தெரியணும். அதான் இந்த லீவு. ஏதாவது சொல்லேன். திட்டிடு, பரவால்ல.

— அம்மா, இங்க நேரம் ஓடிட்டிருக்கு. அழுத்தவா, வேண்டாமா?

— வேண்டாம்.

— அம்மா...

— பாய்லருக்குப் போற மனுஷன் ஏரிக்கரையில நின்னு கேட்டா எப்படிடி பத்தும்? அதை அழிச்சுட்டு கிட்டக்க இருக்கிற கேலரியைப் போடு.