நூற்று நான்கு சதவீதம் என்று நான் எழுதிய அறிக்கை

பெயர் ஹெப்சி, வயது 28, கணவர் பெயர் ஜோஷ்வா, ஆற்றங்கரைத் தெரு, அனகாபுத்தூர். தாம்பரத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்கிறேன்.

மாடம்பாக்கத்தில் கட்டப்படும் குடியிருப்பில் பள்ளத்தை மண் கொட்டி நிரப்பி, ரோலர் ஓட்டி இறுக்குகிறார்கள். அங்கே முதலில் கொட்டிய களிமண்ணை எங்கள் கூடத்தில் இடித்துப் பார்த்ததில், அதிகபட்ச இறுக்கம் கன சென்டிமீட்டருக்கு 1.70 கிராம் என்று வந்தது. அதில் தொண்ணூற்றைந்து சதவீதமாவது தளத்தில் வர வேண்டும்.

கடந்த மாதம் 9ஆம் தேதி மதியம் தளத்துக்குச் சென்றேன். ரோலர் ஓட்டுநர் மாரி எட்டு முறை ஓட்ட வேண்டியதில் நான்கு முறை ஓட்டியிருந்தார். குழி தோண்டிச் சோதித்ததில் 1.77 வந்தது. அதன் பின்பு 1.70ஆல் வகுத்தேன், நூற்று நான்கு சதவீதம். அப்படியே அறிக்கையில் எழுதினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி மார்க் வாங்கியதில்லை. அதன் பின்பு மாரி, "இன்னாம்மா, மண்ணு இன்னும் அமுங்கிகினு கீதே. இன்னும் நாலு ரவுண்டு ஓட்டிட்றேன்" என்றார். வீட்டில் ஐந்து மாதக் குழந்தை பாலுக்கு அழும், கிளம்ப வேண்டும் என்று அவரிடம் சொல்லி, "நூத்தி நாலு வந்துடுச்சுண்ணா, போதும், நிறுத்திடுங்க" என்றேன். அவர் நிறுத்தினார். செருப்பில் ஒட்டியிருந்த சிவப்பு மண்ணைத் தட்டிவிட்டு ஸ்கூட்டியில் ஏறினேன்.

அதன் பின்பு இம்மாதம் 2ஆம் தேதி மழையில் அந்த இடம் உள்வாங்கி, மேலே எழுப்பிய சுவர் விழுந்து கொத்தனார் துளசிங்கத்தின் கால் முறிந்தது. பாதி வேலையில் ரோலரை நிறுத்தியதாக மாரி மீது புகார் கொடுத்து, அவரை ரிமாண்ட் செய்துவிட்டார்கள்.

நேற்றுக் காலை மாரியின் மனைவி எல்லம்மா எங்கள் கூடத்துக்கு வந்து என்னைத் தேடினார். "நீதானே நிறுத்த சொன்ன? உன் பேர எடுக்கவே மாட்டேங்குது அந்தாளு. கைக்கொழந்தக்காரி, வேல பூடும்ன்னுது" என்று கத்தினார்.

அதன் பின்பு தளத்துக்குப் போய் அந்தச் சிவப்பு மண்ணை எடுத்து வந்து இடித்துப் பார்த்தேன். அது களிமண் இல்லை, இடையில் மாற்றிக் கொட்டிய கிராவல், அதாவது சரளை கலந்த செம்மண். அதன் அதிகபட்ச இறுக்கம் 1.98. அந்தக் கணக்கில் 1.77 என்பது எண்பத்தொன்பது சதவீதம்தான், தேறாது. நூறைத் தாண்டினால் மண் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இதைப் படித்திருக்கிறேன், மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். அன்று அவசரத்தில் எனக்குத் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மாரி வேலையில் குறை வைக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் மீதி நான்கு முறையும் ஓட்டியிருப்பார். இது எனக்கு எதிராகப் போகும் என்று உதவி ஆய்வாளர் எடுத்துச் சொன்னார், தெரிந்தேதான் சொல்கிறேன். மாரியை என் வாழ்நாளில் அந்த ஒரு மதியம்தான் பார்த்திருக்கிறேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜோ. ஹெப்சி