சாமிரூம் கதவு மாட்டிய கார்

வாடிப்பட்டியிலிருந்து மதுரைக்கு வந்த பஸ்ஸில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காக்கிச்சட்டை போட்ட கார் டிரைவர் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

“எங்க மொதலாளி இப்பல்லாம் செருப்பைக் கழட்டிட்டுத்தான் கார்ல ஏறுறாருண்ணே.”

“ஏன் தம்பி, புதுக்காரா?”

“பழசுதான். எருமை முட்டி, கார் மூஞ்சியில இருந்த கம்பித்தட்டி நொறுங்கிப்போச்சு. சீமைச் சாமான், அங்க நடக்குற சண்டை முடிஞ்சாத்தான் கப்பல்ல வரும்னுட்டாக. அவரு பொறுப்பாரா? மணி வச்ச சாமிரூம் கதவை அறுத்து, வீட்டுலயே தன் கையால மாட்டிப்புட்டாரு.”

“மணியோடயா?”

“மணியோடதான். கார் கெளம்புனா, சாமி சப்பரம் வருதுன்னு தெருவே சூடத்தட்டோட நிக்கிது. அதுல செருப்புக்காலோட ஏறக்கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவு.”

“ஹாரன் அடிக்க வேண்டியதுதானே?”

“அடிச்சேன். கன்னத்துல போட்டுக்கிட்டாகளே ஒழிய, ஒருத்தரும் விலகல.”

“இன்னைக்கு அவரு எங்க?”

“கோர்ட்டுல கேசு. கார்ல போனா நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதுன்னு பஸ்ஸுலயே வாராரு. அந்தா, முன் சீட்டுல. மெதுவாப் பேசுங்கண்ணே.”

பக்கத்து ஆள் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சரிகை வேட்டி, கோட்டு, தலைப்பாகை எல்லாம் இருந்தன. கால் மட்டும் வெறுங்கால்.

“செருப்பு எங்க தம்பி?”

“பழக்கதோசம்ணே. வாடிப்பட்டியிலயே கழட்டிப் போட்டுட்டு ஏறிட்டாரு.”