தரையை இறக்கிக் கட்டிய பள்ளிவாசல்: மேஸ்திரி ஜான் பாஷா அவர்களுக்கு

பட்டை மணக்கும் பண்பாளரே! சுண்ணாம்பில் வெந்தும் சுருங்காத நெஞ்சினரே! முப்பத்து மூன்று ஆண்டுகள் தோல் பதனிடும் குழியோரம் நின்றும் குணத்தில் கறைபடாமல் இன்று ஓய்வு பெறும் எங்கள் மேஸ்திரி ஜான் பாஷா அவர்களே! தங்களுக்கு எங்கள் வணக்கமும் சலாமும்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால், "பீடி வாங்கிட்டு வர்றேன்" என்று தாங்கள் நழுவிவிடுவீர்கள் என்பது ஆம்பூர் முழுக்கத் தெரிந்த சேதி. ஆகையால், சபையோரே, இதை உங்களிடம் சொல்கிறோம். அவர் சும்மா கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் அவர் நம் தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழி ஆள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத தோல் வாடை. ஒரு வெள்ளிக்கிழமை மூன்று மைல் நடந்து, டவுன் பள்ளிவாசலில் ஜும்ஆ தொழுகைக்கு நின்றார். பக்கத்தில் அத்தர் பூசி நின்றவர் ஒரு சாண் தள்ளி நின்றுகொண்டார். தோளோடு தோள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் எவ்வளவு அகலம் என்பது நின்றவனுக்குத்தான் தெரியும். "அவர் மேல தப்பு இல்ல, நம்ம நாத்தம் அப்படி" என்பார் மேஸ்திரி. ஆனாலும் அன்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தார். இதுவும் அவரே சொன்னதுதான்.

மறுநாளே குழி ஆட்களைக் கூட்டினார். "பக்கத்துல நிக்கிறவன் நகராத மாதிரி நம்மளே ஒரு பள்ளி கட்டிக்கலாம்பா."

தோல் பதனிடும் மரப்பட்டைக் கிடங்குக்குப் பின்னால் இடம் கிடைத்தது. மண் சுவரும் ஓலைக் கூரையும் எழுந்தன. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யத் தொட்டி வேண்டுமே! நம் குழிக் கொத்தனார் சாமிநாதனும் மேஸ்திரியும் சேர்ந்து, சொட்டு கசியாத தொட்டி கட்டினார்கள். பழக்க தோஷம் யாரை விட்டது? தோலை இழுத்துப் போட வாகாக, விளிம்பு தரையோடு தரையாக, மார்பளவு ஆழத்தில், அச்சு அசலாக ஒரு சுண்ணாம்புக் குழி!

புதன்கிழமை தண்ணீர் நிரப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கால் கழுவிய அழுக்குநீர் தொட்டிக்குள்ளேயே திரும்ப ஓடுகிறது. வெள்ளிக்கிழமை முதல் ஜும்ஆ. டவுன்காரர்களுக்கெல்லாம் அழைப்பு போயாயிற்று. தொழவைக்க வந்திருந்த பெரியவர் அப்துல் சமத் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஜான் பாஷா, இதுல ஆளு ஒளு செய்யணுமா, தோலு ஊறணுமா?" என்றார். மேஸ்திரி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். இடித்துக் கட்டச் சிமெண்டும் இல்லை, நாளும் இல்லை.

"நம்மளுக்குக் குழிதான் தெரியும். பள்ளி கட்டத் தெரியல" என்றார்.

சாமிநாதன் தொட்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "இன்னாத்துக்கு பாய் பேஜாரு? தொட்டிய தூக்க முடியாது. தரைய எறக்கிட்டா போச்சு!"

வியாழன் மதியம் தொழிற்சாலையே மண்வெட்டியோடு வந்தது. நாமம் போட்டவரும் தொப்பி போட்டவரும் தொட்டியைச் சுற்றி முழங்கால் ஆழம் வெட்டி, உட்காரக் கல்லும், அழுக்குநீர் வெளியே ஓட வாய்க்காலும் போட்டார்கள். வெள்ளிக்கிழமை அப்துல் சமத் மூன்று படி இறங்கி முதலில் ஒளு செய்தார்; எழுந்து வந்து சாமிநாதனின் தோளைத் தட்டினார். முதல் வரிசையில் மேஸ்திரி நின்றார். இரு பக்கமும் குழி ஆட்கள். நடுவே விரல் நுழைய இடமில்லை.

பிறகு ஓலை ஓடாயிற்று, ஓடு மாடியாயிற்று, அறுபத்து நான்கில் மினாரும் எழுந்தது. தொட்டியில் மட்டும் கைவைக்க மேஸ்திரி விடவில்லை. வெள்ளி மதியம் தொழப் போகிறவர்களின் குழிகளை மற்றவர்கள் பார்த்துக்கொள்வதும், பொங்கலன்று இவர்கள் அவர்களின் குழிகளைப் பார்த்து அந்தக் கடனைத் திருப்புவதும் அன்று தொடங்கிய வழக்கமே. ஏன் படி இறங்கி ஒளு செய்கிறீர்கள் என்று வெளியூரார் கேட்டால், இன்றும் சாமிநாதன் மீசையை முறுக்குகிறார்.

மேஸ்திரி அவர்களே! இனித் தங்களிடமே பேசுகிறோம். நோயில்லாத உடலோடும் நூறாண்டு நிறைவோடும் தாங்கள் வாழ வேண்டும். ஒரே ஒரு விண்ணப்பம். நாளை முதல் தங்களுக்குச் சுண்ணாம்புக் குழி இல்லை. நாளாக ஆக அந்த வாடையும் போய்விடும். வெள்ளைச் சட்டையும் அத்தருமாகப் பள்ளிக்கு வருவீர்கள். நாங்களோ குழியிலிருந்து அப்படியே வருவோம்.

எங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், பாய். நகர்ந்துவிடாதீர்கள்.

ஆம்பூர், 31-3-1967

இப்படிக்கு,
தங்களோடு குழியில் இறங்கிய
சுண்ணாம்பு, பட்டைப் பகுதித் தொழிலாளர்கள்