பத்து மணிக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் வந்தவர்

மதிப்புக்குரிய தலைவர் வீரய்யா ஐயா அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, இரண்டு பஸ் மாறிக் கொட்டகலைக்கு வந்திருக்கும் தாய்மார்களே,

இந்த உரையை இரவு பதினொன்றரைக்கு எழுதி அனுப்புவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் காய்ச்சல். இப்போதுதான் தூங்கினான். நாளை ஞாயிற்றுக்கிழமை நினைவுக் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. நான் ஷாமிலா, தோட்டத்து முன்பள்ளி ஆசிரியை. எனக்காக இதை வாசிக்கும் டெல்சி அக்கா, மறைந்த ஜோசப்பின் அமிர்தநாதன் அம்மாவோடு ஒன்பது வருடம் வேலை செய்தவர். 

மனக்கஷ்டம் உள்ளவர்களோடு பேசித் துணை நிற்கும் உளவளத்துணையாளர் ஜோசப்பின் அமிர்தநாதன் அம்மையார் மாரடைப்பால் மறைந்து மூன்று வாரம் ஆகிறது. அவர் யார்? திம்புள்ளையில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போனபின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா. அவருடைய தங்கை, பிள்ளை பெற்ற சில நாட்களில் பேச்சையே நிறுத்திவிட்டார். "எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு இவர் வேலைக்குப் போனார். சரியாகவில்லை. அந்த மாதமே தங்கை தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அதன்பின் முப்பத்தாறு வயதில், விட்ட படிப்பைத் திரும்பத் தொடங்கி, உளவளத்துணை டிப்ளோமாவரை படித்தார். இதை அவரே மேடைகளில் சொன்னார், அதனால்தான் நானும் சொல்கிறேன்.

படித்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வந்தவர் முதலில் செய்தது ஒரு பிழை. ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் காலைப் பெரட்டில், எல்லோர் முன்னாலும், "மனசு சரியில்லாதவங்க புதன்கிழமை டிஸ்பென்சரிக்கு வாங்க, பேசலாம்" என்று அறிவித்தார். கங்காணி அழகுமுத்து உடனே, "யார் யாருக்குப் பைத்தியம்னு பேரு குடுங்கம்மா, அவுங்களுக்குக் கவ்வாத்துக் கத்தி குடுக்காமப் பாத்துக்கிறேன்" என்றாராம். தேயிலைச் செடி நறுக்கும் கத்தி அது. பெரட்டே சிரித்தது. நான்கு புதன்கிழமை ஒருவரும் வரவில்லை. எப்படி வருவார்கள்? டிஸ்பென்சரிப் பாதையில் திரும்பினாலே லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரிந்துவிடுமே.

ஐந்தாவது புதன்கிழமை அவர் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். காலை பத்து மணி, கைக்குழந்தைக்காரர்கள் மலையிலிருந்து பால் கொடுக்க இறங்கும் நேரம். அவரும் ஒரு பாயில் உட்கார்ந்தார். பால் கொடுக்க வந்தவளை யார் பைத்தியம் என்பார்கள்? மழையிலும் வந்தார். பஸ் ஓடாத நாளில் நடந்து வந்தார்.

போன வருடம் அந்தப் பாயில் நானும் உட்கார்ந்தேன். கல்வியியற் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்து நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஆனாலும் மகன் மூச்சு விடுகிறானா என்று இரவெல்லாம் எழுந்து பார்ப்பேன். "படிச்ச புள்ள, இதுக்குப் போயா பயப்படுற?" என்பார் மாமியார்.

"எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?" என்று கேட்டார் ஜோசப்பின் அம்மா.

"பன்னெண்டு இருக்குங்க."

"பாத்ததும் பயம் போயிருதா?"

"போயிருது. திரும்பிப் படுக்கிறதுக்குள்ள வந்துருது."

"சரி, இன்னைக்குப் பத்து தடவ பாருங்க."

"மிச்சம் ரெண்டு தடவைக்கு என்னம்மா செய்யிறது?"

"பயப்படுங்க. எந்திரிக்காமப் படுத்துக்கிட்டே பயப்படுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அடுத்த வாரம் ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்கும் அவரே பஸ்ஸில் கூட்டிப்போனார். "மருந்தும் வேணும், பேச்சும் வேணும். ரெண்டுக்கும் வெக்கப்படக் கூடாது" என்றார்.

இப்போது அந்தப் பாயை நான் விரிக்கிறேன். போன புதன்கிழமை ஒரு தாய், பிள்ளை பால் குடித்துத் தூங்கிய பிறகும் எழும்பவில்லை. "டீச்சர், அம்மா எடத்துக்கு வேற யாரும் வரமாட்டாங்களா?" என்றார். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அம்மா எங்களை அப்படித்தான் பழக்கியிருக்கிறார். ஆனால் அந்த முகம் எனக்குத் தெரியும். போன வருடம் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது. அவரிடம் அடுத்து என்ன கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. பிழையாக ஏதும் சொல்லிவிடுவேனோ என்று பயந்து, கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

ஜோசப்பின் அம்மாவின் வேலை நிற்காது. பாய் விரிப்பேன். கிளினிக்குக்குத் துணை போவேன். டிப்ளோமாவுக்கு விண்ணப்பமும் போட்டுவிட்டேன். ஆனால் அதை முடிக்க வருடங்கள் ஆகும். அந்தத் தாயால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியுமா? உளவளத்துணையில் பயிற்சி பெற்ற பலர் அந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். புதன்கிழமைகளில் உங்களில் ஒருவர் எங்கள் பிள்ளைக் காம்பராவுக்கு வரவேண்டும்.

வர முடியுமா முடியாதா என்று, கூட்டம் கலையுமுன் டெல்சி அக்காவிடம் சொல்லுங்கள். அடுத்த புதனுக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் பதில் தாருங்கள்.